சென்னைக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில் கட்டுப்படியாகும் வீடு: தேடுவது எப்படி?

தாம்பரம் தாண்டினால் விலை இறங்கும், ஆவடி தாண்டினாலும் இறங்கும். ஆனால் ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் ஒன்று மட்டும் ஐந்து லட்சம் குறைவாகக் கிடைக்கிறது என்றால் அதற்குத் தூரம் காரணமில்லை. அது ஏன் மலிவு என்பதற்குப் பதில் தெரியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, பழைய கட்டடம், ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டிய தெரு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஓடைப் புறம்போக்கு, உப்புத் தண்ணீர், சிக்கல் பத்திரம் என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

கையில் எவ்வளவு வேண்டும்?

30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 90 சதவீதம், அதாவது 27 லட்சம் தரலாம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 23,430 ரூபாய். மீதி 3 லட்சத்தோடு கணக்கு முடியாது. மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதுவே 2.7 லட்சம். இந்த விலையில் பதிவுச் செலவை வங்கி கடனில் சேர்க்காது. புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் விற்பனையாக இருந்து, மதிப்பு 50 லட்சத்துக்குள் இருந்தால் 6 சதவீதம்தான். புரோக்கர் கமிஷன், வக்கீல் கட்டணம், வங்கியின் கட்டணங்கள், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் ஆறரை முதல் ஏழு லட்சம் சொந்தப் பணமாக இருக்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் இந்தியாவில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லையென்றால், பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியத்தைக் கேட்டுப் பாருங்கள். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஒரே நாளில் வராது, ஐந்து தவணைகளாக வரும்.

எந்தப் பாதை?

அலுவலகம் எங்கே என்பதை வைத்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிண்டி, எழும்பூர் பக்கம் வேலை என்றால் செங்கல்பட்டுப் பாதை: ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கபெருமாள் கோவில். அம்பத்தூர் எஸ்டேட் அல்லது சென்ட்ரல் என்றால் மேற்குப் பாதை: திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருவள்ளூர். வடசென்னையில் வேலை என்றால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் சிங்கபெருமாள் கோவில் தோதான இடம். சிறுசேரி ஐடி பூங்காவுக்கு ரயில் கிடையாது. கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கினால் தினமும் கேளம்பாக்கம் சாலை நெரிசலில்தான் போக வேண்டும்.

"ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம்" என்பது ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் போகிற கணக்கு. வேலை நாளில் காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, அலுவலக வாசல்வரை போய்ப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிப் பாருங்கள். ரயில்வே கேட் மூடும் நேரம், மழையில் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர், கடைசி ஷேர் ஆட்டோ எல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது. இரண்டாவது வருடமே நகருக்குள் வாடகைக்குத் திரும்பி, தவணையும் வாடகையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர், இரண்டு விதமாக

மே மாதத்தில் ஆழ்துளைக் கிணறு (போர்) வற்றும், நவம்பரில் தெரு நிரம்பும். முடிந்தால் இரண்டு பருவத்திலும் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் இஸ்திரிக்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள், புரோக்கரைக் கேட்காதீர்கள். கோடையில் லாரித் தண்ணீர் எத்தனை லோடு, ஒரு லோடு என்ன விலை, கழிவுநீர் லாரி மாதம் எத்தனை முறை வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இவை தவணைக்கு மேல் வரும் மாதச் செலவு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். போர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 500-க்குள் இருந்தால் நல்லது, 2,000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பதால் அங்கே இதைத் தவறவிடக் கூடாது.

வெள்ளத்துக்குப் பக்கத்து வீட்டுச் சுவர்க் கறையைப் பாருங்கள். சாலையைவிட மனை தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2015-இல் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நில அளவைத் துறையின் புல வரைபடத்தில் மனையை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ இருந்தால், இன்று அங்கே புல் முளைத்திருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

பத்திரம்

பட்டாவையும், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் வருவாய்த் துறை இணையதளத்தில் நீங்களே எடுங்கள். விற்பவர் தரும் நகல் போதாது. சொத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பதிவாகாத ஒப்பந்தமும் நீதிமன்ற வழக்கும் பொதுவாக அதில் வராது. அதனால் மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். உரிமையாளருக்குப் பதிலாக அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்ற பவர் ஏஜென்ட் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் உறுதி செய்யுங்கள்.

மனை என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பதை நம்பி வாங்காதீர்கள். அங்கீகாரமில்லாத பழைய மனைப்பிரிவு என்றால், அதைப் பின்னர் முறைப்படுத்தியதற்கான வரன்முறை ஆணை கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்தத் திட்டம். புதிய குடியிருப்பில் எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்க வேண்டும்.

அடுக்குமாடியில் சதுர அடி விலையைக் கேட்டதும், எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். 900 என்று சொல்லும் வீட்டில் படிக்கட்டு, வராந்தா பங்கெல்லாம் கழித்தால் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நிஜமாகப் புழங்கும் இடம், 650-தான் இருக்கலாம். யூடிஎஸ், அதாவது உங்கள் பெயருக்கு வரும் நிலப்பங்கு, பழைய கட்டடத்தில் இன்னும் முக்கியம். கட்டடத்தின் மதிப்பு தேயத் தேய மிஞ்சுவது அதுதான். இருபது வருடத்துக்கு மேலான கட்டடம் என்றால், வங்கியின் மதிப்பீட்டாளர் எவ்வளவு மதிப்புப் போடுவார், கடன் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பதை வங்கியில் முதலில் கேட்டுவிடுங்கள்.

கிரைய ஒப்பந்தத்தில், கடன் கிடைக்காவிட்டாலும் வக்கீல் பத்திரத்தில் குறை சொன்னாலும் அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். பதிவு முடிந்த கையோடு பட்டா, மின் இணைப்பு, சொத்துவரி மூன்றையும் பெயர் மாற்றிவிடுங்கள்.