காய்க்கும் முன்பே பேஷன் ஃப்ரூட் கொடியை இனம் காண்பது

தாமிரபரணிக் கரையோரத் தோட்டங்களில் பேஷன் ஃப்ரூட் கொடியைப் பந்தலில் ஏற்றுபவர்களில் பலர், பழம் பழுத்து நிறம் தெரியும் வரை அது ஊதா வகையா மஞ்சள் வகையா என்று அறியாமலேயே தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் இளந்தண்டையும் பற்றுக்கம்பியையும் உற்றுப் பாருங்கள். மஞ்சள் வகையில் அவற்றில் செந்நிறமோ ஊதாச் சாயலோ ஓடியிருக்கும். ஊதா வகையில் பெரும்பாலும் வெறும் பச்சைதான். இலையின் வடிவத்தை நம்ப வேண்டாம். நாற்றுப் பருவத்தில் பிளவின்றி இருக்கும் இலை, கொடி முதிர முதிர மூன்று மடல்களாகப் பிரியும்.

ஐயம் தீராவிட்டால் பூவைக் கவனியுங்கள். ஊதா வகை விடியற்காலையில் விரிந்து நண்பகலில் கூம்பிவிடும். மஞ்சள் வகை நண்பகலையொட்டி விரிந்து, இரவு 9 மணிவாக்கில்தான் கூம்பும். விரிந்த பூவின் நடுவில் 5 மகரந்தப் பைகளும் அவற்றுக்கு மேலே, மகரந்தத்தை ஏற்கும் 3 சூல்தண்டுகளும் இருக்கும். பூ விரிந்த சிறிது நேரத்தில் சூல்தண்டுகள் மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு வளைந்து இறங்கினால்தான், தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டின் முதுகு அவற்றில் உரசும். சூல்தண்டுகள் நிமிர்ந்தே நிற்கும் பூக்கள் காயாவதில்லை. ஒரே கொடியில் இரண்டு விதப் பூக்களும் உண்டு என்பதால், பத்துப் பூக்களையாவது பார்த்த பிறகே கொடியை மதிப்பிட வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பந்தலில் ஒரே மஞ்சள் கொடியிலிருந்து வெட்டிய மூன்று போத்துகளை நட்டு, பூத்துக் குலுங்கியும் பிஞ்சு நிற்காமல் ஓராண்டை இழந்தேன். மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரே தாய்க்கொடியின் போத்துகளும் ஒன்றுக்கொன்று பயன்படா. வேறொரு தாய்க்கொடியின் போத்தைப் பக்கத்தில் நட்டு, அது பூத்த பிறகே காய் பிடித்தது. ஊதா வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பழத்தின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு. குடகில் செட்டள்ளி ஆய்வு நிலையம் ஊதாவையும் மஞ்சளையும் கலந்து உருவாக்கிய காவேரி வகையின் பழம் ஊதா நிறம். ஆனால் சாதாரண ஊதாப் பழத்தைவிடப் பெரியது. விதையில் முளைத்த நாற்றுகளும் தாயைப் போலவே அமைவதில்லை.

ஊதா வகை மாஞ்சோலை போன்ற குளிர்ந்த உயரங்களுக்கும், மஞ்சள் வகை சமவெளி வெப்பத்துக்கும் ஏற்றவை. மஞ்சளின் வேர், வாடல் நோயையும் நூற்புழுவையும் நன்கு தாங்குவதால், ஊதாவை அதன்மேல் ஒட்டுக்கட்டுவது வழக்கம். சூல்தண்டு நன்றாக வளையும் கொடிகளில் பூக்கும்போதே துணி கட்டி அடையாளம் வையுங்கள்; போத்து வெட்டும் நாளில் பூ இருக்காது.