கழுத்து வலிக்குக் காரணம் கண்ணாடி

வெள்ளெழுத்து வந்து, தூரத்துக்கும் படிக்கவும் ஒன்றாக உதவும் புரோகிரசிவ் கண்ணாடிக்கு மாறிய பிறகு, மாலையானால் பின்கழுத்து இறுகி வலிக்கும். தலையணையை மாற்றினேன், தைலம் தேய்த்தேன், எக்ஸ்ரேயும் எடுத்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் விடுமுறை நாட்களில் மட்டும் வலி வராது. அதுதான் உறுத்தியது.

நான் வேலை செய்யும்போது மகள் பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பார்த்ததும் புரிந்தது: மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் கணினித் திரையைப் பார்க்கிறேன். 40 வயதையொட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்வை இழப்பதால் அருகில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. புரோகிரசிவ் கண்ணாடியில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிக்க. திரை இருக்கும் நடுத்தூரத்துக்கு இடையில் குறுகலான ஒரு பட்டைதான். அந்தப் பட்டையைத் தேடித் தலை தானாகவே சாய்கிறது.

கண்ணிலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்தேன், 65 செ.மீ. அந்த அளவைச் சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒற்றைப் பவர் கண்ணாடி போட்டுக்கொண்டேன். திரையையும் சற்று இறக்கினேன். வலி விட்டது, பெரிய நிம்மதி. அப்புறம் ஒன்று, இந்தக் கண்ணாடியோடு வண்டி ஓட்டக் கூடாது. தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும்.