எண்ணெய்ப்பனைக் காலிக் குலையிலிருந்து எரு தயாரிக்கும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் எண்ணெய்ப்பனை பயிரிடுவோர், அறுத்த பழக்குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கு நீராவியில் வேகவைத்துப் பழங்களை உதிர்த்த பிறகு, குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், நார் நிறைந்த காலிக் குலையாக மிஞ்சுகிறது. ஒரு டன் காலிக் குலையில் உள்ள சாம்பல் சத்து (பொட்டாஷ்), சுமார் 19 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரத்துக்கு ஈடானது. பொட்டாஷுக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் நாட்டில் அதை வீணாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால், காலிக் குலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தொலைவிலிருந்து ஏற்றிவந்தால் வண்டி வாடகை கட்டுப்படியாகாது. ஆலை அருகில் இல்லாதவர்கள், அறுவடையின்போது வெட்டும் மட்டைகளைக் கொண்டு இதே முறையில் எரு தயாரிக்கலாம்.

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும் மாசி மாதமே தொடங்குவதற்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழையில் டெல்டா வயல்களில் தண்ணீர் தேங்கும் என்பதோடு, சாம்பல் சத்து மழைநீரில் எளிதில் கரைந்து ஓடிவிடும் என்பதால், ஐப்பசிக்கு முன் எரு வயலுக்குப் போய்விட வேண்டும். குழி வெட்டாமல், நிழலுள்ள மேட்டு நிலத்தில் குவியலாகப் போடுங்கள்.

முதலில் குலைகளைத் துகளாக்க வேண்டும். முழுக் குலையின் நார்க்கட்டுக்குள் நுண்ணுயிர்கள் எளிதில் புக முடியாததால், அது மட்கப் பல மாதங்கள் ஆகும். தென்னந்தோப்புகளில் மட்டை அரைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, விரல் நீளத் துண்டுகளாக்கினால் போதும்.

ஒரு டன் துகளுக்கு 300 கிலோ பச்சைச் சாணமும் 150 கிலோ கோழி எருவும் தேவை. நாரில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு; இந்தக் கலவையில்தான் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்துக்கு வரும். அடியில் சிறிது வைக்கோல் பரப்பி, ஒரு அடி உயரத்துக்குத் துகள், அதன்மேல் கோழி எரு, அதன்மேல் சாணக்கரைசல் என்று அடுக்கடுக்காக 5 அடி உயரம், 6 அடி அகலத்துக்குக் கட்டுங்கள். இதைவிடச் சிறிய குவியலில் வெப்பம் நிற்காது.

ஈரத்தை அறிய, உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரியான பதம். தண்ணீர் வடிந்தால் உலர்ந்த வைக்கோலைக் கலக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகிறது என்று பொருள். அதற்கும் வைக்கோலே மருந்து. ஒரு வாரத்துக்குள் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால், அதன் நுனியைப் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட வேண்டும்.

முதல் மாதம் வாரம் ஒருமுறையும், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் குவியலைப் புரட்ட வேண்டும். இந்த வேலையில் சோம்பல் கூடவே கூடாது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கும் குப்பையில்தான். அதிலிருந்து வளரும் வண்டு எண்ணெய்ப்பனையின் குருத்தையும் அண்டைத் தோப்புத் தென்னையின் குருத்தையும் துளைத்துவிடும். சாய்ந்து மட்கும் மரங்களிலும் இந்த வண்டு பெருகும் என்பதால், 2018-இல் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அப்புறப்படுத்தப் பாடுபட்டவர்களுக்கு இந்த அச்சம் புதிதல்ல. புழுக்கள் சூடான நடுப்பகுதியைத் தவிர்த்து, குளிர்ந்த ஓரங்களிலும் அடியிலும் தங்கும் என்பதால், ஓரத்துக் குப்பை நடுவுக்கும் நடுவிலுள்ளது ஓரத்துக்கும் போகும்படி புரட்டுங்கள். வளைந்து சுருண்ட, தடித்த வெள்ளைப் புழுக்கள் கண்ணில் பட்டால் பொறுக்கி அழித்துவிடுங்கள். எண்ணிக்கை மிகுந்தால், இந்தப் புழுக்களைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை வாங்கி, உறையில் உள்ள அளவுப்படி குவியலில் தெளிக்கலாம்.

ஏறக்குறைய மூன்று மாதத்தில் குவியல் பாதியாக அமிழ்ந்து, நிறம் கறுத்து, மண்வாசனை வரும். புரட்டிய பிறகும் சூடேறவில்லை என்றால் எரு பக்குவமாகிவிட்டது. சலித்து, மட்காத நாரை அடுத்த குவியலில் சேருங்கள். எண்ணெய்ப்பனைக்குத் தண்டை ஒட்டாமல் வட்டப்பாத்தியில் பரப்பி, லேசாக மண்ணோடு கிளறி நீர் பாய்ச்சுங்கள். சாம்பல் சத்தை மிகுதியாகக் கேட்கும் வாழைக்கும் இந்த எரு நன்கு பொருந்தும். ஆனால் பொட்டாஷ் உரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்த பின்பே தீர்மானியுங்கள்.