மழைக்காட்டை அடையாளம் காண்பது எப்படி: ஆழியாறு முதல் வால்பாறை வரை

ஓரிடத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மழை பெய்கிறது என்பதை மட்டும் வைத்து அங்கே மழைக்காடு இருக்குமா என்று சொல்லிவிட முடியாது. மும்பையில் 2,200 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. சிங்கப்பூரில் ஏறக்குறைய 2,100 மி.மீ.தான். ஆனால் மழைக்காடு இருப்பது சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில்; மும்பையை ஒட்டிய மலைக்காடோ கோடையில் பெரும்பாலும் இலையுதிர்த்து நிற்கிறது. மும்பையின் மழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சிங்கப்பூரிலோ, மிகக் குறைவாகப் பெய்யும் பிப்ரவரியில்கூடச் சராசரி 100 மி.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே முதலில் எண்ண வேண்டியவை மழையில்லாத மாதங்கள்.

இந்தக் கணக்கை வீட்டிலிருந்தே போடலாம். நீங்கள் போகவிருக்கும் ஊரின் மாதவாரிச் சராசரி மழையளவை எடுத்து, 60 மி.மீ.க்குக் குறைவான மாதங்களைச் சுழித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம்கூடச் சுழிக்கப்படவில்லை என்றால் அது பாடநூல் சொல்லும் அசல் மழைக்காட்டுக் காலநிலை. வெப்பமண்டலக் காடு மாதத்திற்குச் சுமார் 100 மி.மீ. நீரை ஆவியாக வெளியேற்றுவதால், சூழலியலாளர்கள் 100 மி.மீ.யை எல்லையாக வைத்து எண்ணுவதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த அளவுகோலைச் சற்றுத் தளர்த்தித்தான் ஆகவேண்டும். வால்பாறை அமைந்துள்ள ஆனைமலையில் டிசம்பருக்குப் பின் மூன்று மாதங்கள் வரை வறட்சி உண்டு. இருந்தும், ஆழமான மண்ணில் தங்கிய ஈரமும் மூடுபனியும் காட்டைத் தாங்கிக்கொள்கின்றன. இதே மலைத்தொடரில் வடக்கே போகப்போக மழையில்லா மாதங்கள் கூடுகின்றன; அதற்கேற்ப, மழைக்காட்டுக்கே உரிய மரங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகின்றன.

கணக்கை நேரில் சரிபார்க்க, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் செல்வது நல்லது. மழைக்காட்டைப் பார்க்கக் கோடையில் போவதா என்று தோன்றலாம். எல்லாமே பச்சையாக இருக்கும் ஆகஸ்டில் எது எந்தக் காடு என்று பிரித்தறிவது கடினம். கோடையில்தான் வேறுபாடு வெளிப்படும். ஆழியாற்றின் பக்கம் மழை மறைவுப் பகுதி; அடிவாரத்து மரங்களில் பெரும்பாலானவை மொட்டையாக நிற்கும். அங்கிருந்து எண்ணிட்ட 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகின்றன. சன்னலோரம் அமர்ந்து, எந்த வளைவில் மொட்டைக் கிளைகள் குறையத் தொடங்குகின்றன, எந்த வளைவுக்குப் பின் அடர்பச்சை மட்டுமே தெரிகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் வால்பாறைப் பீடபூமிக்கும், 1,000 மி.மீ.கூடப் பெறாத சமவெளிக்கும் இடையே உள்ள முழு மாற்றமும் இரண்டு மணி நேரத்திற்குள் கண்முன் கடந்துவிடும்.

மேலே போனதும் பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: தேயிலைச் சரிவையும் அதன் நடுவே வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களையும் பார்த்துவிட்டுக் காட்டைப் பார்த்ததாகத் திரும்பிவிடுகிறார்கள். அவை நட்டு வளர்த்தவை. தோட்டங்களுக்கு நடுவே, மர உச்சிகள் மேடும் பள்ளமுமாக, பல நிறப் பச்சையில் திட்டுத்திட்டாகத் தெரிபவைதான் மிஞ்சியிருக்கும் மழைக்காடுகள். இவற்றில் சில தனியார் தோட்டங்களுக்குள்ளும், மற்றவை புலிகள் காப்பகத்திலும் இருப்பதால், அனுமதி பெறாமல் உள்ளே இறங்கக் கூடாது. யானை நடமாட்டமும் உண்டு. புதுத்தோட்டம் போன்ற இடங்களில் சாலையோரத்தில் நின்றே நிறையப் பார்த்துவிடலாம்.

அங்கே நின்று, முதலில் இலைகளைப் பாருங்கள். பசுமைமாறாக் காடு என்றால் இலையே உதிராது என்று பொருளன்று. எல்லா மரங்களும் ஒரே சமயத்தில் உதிர்ப்பதில்லை, அவ்வளவுதான். பழைய இலைகள் விழும்போதே நாங்கு மரத்தில் செந்நிறத் தளிர்கள் கொத்தாக வந்துவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் மரம் பூத்திருப்பதுபோல் தெரியும். காற்றடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் திரும்பி, செம்புப் பொடி பூசியதுபோல் மின்னினால் அது வெடிப்பலாவாக இருக்கலாம். அதன் பூக்களும் முள் நிறைந்த உருண்டைக் காய்களும் கிளையின் மேலேயே நேராக ஒட்டிக்கொண்டு காய்க்கும். சிங்கவால் குரங்கு அந்தப் பூவையும் விதையையும் தின்னும். எனவே வெடிப்பலாவின் கீழே கடித்துப் போட்ட காய்த்தோடுகள் கிடந்தால் தலையை உயர்த்திப் பாருங்கள். உணவு எதையும் நீட்டாதீர்கள்.

அடுத்து, கீழே விழுந்த இலைகளில் நுனி வால்போல் நீண்ட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைக் கையில் சாய்த்துப் பிடித்து, தண்ணீர்ப் புட்டியிலிருந்து சிறிது ஊற்றினால், நீர் பரவி நிற்காமல் நுனியை நோக்கி ஓடிச் சொட்டிவிடும். இலை விரைவில் உலர்ந்தால் பாசி படிவது குறையும் என்பது பொதுவான விளக்கம். இத்தகைய நுனி உச்சிக்கிளை இலைகளைவிட நிழலில் வளரும் கன்றுகளில்தான் நன்கு தெரியும்.

அனுமதியோடு உள்ளே செல்பவர்கள் சிறிய வெப்பமானி ஒன்றைக் கொண்டுபோகலாம். நண்பகலில் தேயிலைச் சரிவில் ஒருமுறையும், காட்டுக்குள் நூறு அடி நடந்தபின் ஒருமுறையும் அளந்து பாருங்கள். உள்ளே குளிர்ச்சி, தரையை எட்டும் வெளிச்சமோ உச்சியில் விழுவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். வால்பாறை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஆண்டு முழுவதும் 27 பாகை என்ற பாடநூல் வெப்பநிலையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஜனவரி இரவுகளில் கம்பளி தேவைப்படும்.

தரையில் கிடக்கும் சருகை ஒரு குச்சியால் மெல்ல விலக்கினால், அடுக்கு வியப்பூட்டும் அளவுக்கு மெல்லியதாக இருப்பதும், உடனே கீழே வெண்ணிறப் பூஞ்சை இழைகளும் மெல்லிய வேர்களும் பின்னிக் கிடப்பதும் தெரியும். விழுந்தது மட்கியவுடன் வேர் அதை எடுத்துக்கொள்கிறது. சத்தின் பெரும்பகுதி மரங்களிலேயே இருப்பதால்தான், காட்டை வெட்டிய இடத்தில் மண் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடுகிறது. பெருமரங்களின் அடியில் பலகைபோல் விரியும் வேர்களையும், பறவையின் எச்சத்தில் வந்து கிளையில் முளைத்து, வேரைக் கீழே இறக்கித் தாய்மரத்தையே நெரிக்கும் அத்தி இனங்களையும் தேட வேண்டியதில்லை, தாமே கண்ணில் படும். பிரம்பின் கொக்கிகள் சட்டையைப் பிடித்தால் இழுக்காமல், பின்னோக்கி ஓரடி வைத்து விடுவித்துக்கொள்ளுங்கள்.

தாமரை இலைபோல் காம்பு இலையின் நடுப்பகுதியில் பொருந்திய வட்டத்தாமரை மரங்கள் கூட்டமாக நின்றால், அங்கே அண்மையில் பெருமரம் சாய்ந்திருக்கிறது அல்லது வெட்டப்பட்டிருக்கிறது. உண்ணிச்செடியும் காப்பிச் செடியும் தரையை மூடியிருந்தால் காடு ஓரத்திலிருந்து சிதைந்துவருகிறது என்று கொள்ளலாம்.

மழை பிடித்துக்கொண்டால் ஓடாதீர்கள். இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் ஏறாமலிருக்க அணியும் காலுறையின் முடிச்சை மட்டும் இறுக்கிக்கொள்ளுங்கள். இலைகளின் மேல் மழை இரைவதைக் கேட்ட நொடியிலிருந்து, முதல் துளி உங்கள் மேல் விழும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு அடிமரத்தில் நீர் கோடாக வழியத் தொடங்கும். வெளியே மழை விட்டபின்னும் உள்ளே இலைக்கு இலை சொட்டிக்கொண்டே இருக்கும்; அது ஓயும்வரை குடையை மடக்க முடியாது.