எல்டிஸ்பைஸில் ஒரு மெட்டாமெட்டீரியல்: முகடு பின்னால், ஆற்றல் முன்னால்

மெட்டாமெட்டீரியல் (இயற்கைப் பொருள்களில் கிடைக்காத மின்காந்தப் பண்புகளுக்காகச் செயற்கையாக அமைக்கும் பொருள்) என்று தேடினால் செம்பு வளையங்களும் கலர் கலரான முப்பரிமாணப் படங்களும்தான் வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நேராக ஹெச்எஃப்எஸ்எஸ், சிஎஸ்டி போன்ற முப்பரிமாண மின்காந்த சிமுலேஷன் மென்பொருள்கள் பக்கம் ஓடாதீர்கள். லைசென்ஸ் விலை ஒருபுறம் இருக்கட்டும், ஹாஸ்டல் ரூமில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்பவருக்கு அவை சரிப்படாது. எதிர்மறை ஒளிவிலகல் எண் உள்ள ஊடகத்தில் அலை எப்படிப் போகிறது என்று பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் மின்சுற்று சிமுலேட்டரான எல்டிஸ்பைஸே தாராளம். லினக்ஸ்காரர்கள் என்ஜிஸ்பைஸில் செய்யலாம். ஆனால் கிராஃபிலேயே கணக்குப் போடும் வசதிக்காக நான் எல்டிஸ்பைஸை விடமாட்டேன்.

தியரி கொஞ்சம்தான். விடுதிறனும் உட்புகுதிறனும் சேர்ந்து எதிர்மறையானால் அலையின் முகடுகள் ஒரு திசையிலும் ஆற்றல் அதற்கு எதிர்த்திசையிலும் போகும் என்று வெசலாகோ 1960களிலேயே எழுதிவிட்டார். 2000 வாக்கில் ஸ்மித் குழுவினர் வளையங்களும் கம்பிகளும் வைத்து மைக்ரோவேவில் அதைச் செய்து காட்டினார்கள். 2002ல் டொரன்டோவில் எலெஃப்தெரியாடிஸ் குழுவும் லாஸ் ஏஞ்சலஸில் கலோஸ், இடோ ஆகியோரும் இதையே மின்சுற்றாக்கினார்கள். சாதாரண கேபிளைச் சிறுசிறு துண்டுகளாக (செல்களாக) ஏணிபோல வரைந்தால் தொடரில் இன்டக்டர், தரைக்குக் கெபாசிட்டர். முன்னது உட்புகுதிறனுக்கும் பின்னது விடுதிறனுக்கும் ஈடு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே எதிர்மறையாகிவிடும். அவ்வளவுதான்.

படி 1: மதிப்புகள்

கெபாசிட்டர் 1 நானோஃபாரட், இன்டக்டர் 2.5 மைக்ரோஹென்ரி. இந்த ஜோடியை வேண்டுமென்றேதான் எடுத்தேன். இடம் மாற்றிய ஏணி 1.59 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் அலையை விடும். சாதாரண ஏணி 6.37 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் விடும். இரண்டுக்கும் பொதுவாக 3.183 மெகாஹெர்ட்ஸில் நின்றால் ஒரு செல்லுக்கு ஃபேஸ் மாற்றம் இரண்டிலும் சரியாக 60 டிகிரி. ஒன்றில் பின்தங்கும், மற்றதில் முந்தும். ஒரு செல் அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு என்பதால், செல் கால் அலைநீளத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கமான விதிக்கும் பாதகமில்லை.

படி 2: ஏணியை வரைவது

ஒரே ஷீட்டில் இரண்டு ஏணிகள், ஒவ்வொன்றிலும் பத்து செல். ஒரு செல்லை வரைந்து காப்பி பேஸ்ட் செய்யுங்கள். தரைக்கு உறுப்பு இறங்கும் ஒவ்வொரு முனைக்கும் லேபிள் வைத்துவிடுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம்.

பலரும் சறுக்குவது ஏணியின் இரு முனைகளில்தான். முதல் செல்லும் கடைசிச் செல்லும் பாதித் தொடர் உறுப்போடு முடிய வேண்டும். சாதாரண ஏணியில் பாதி என்றால் 1.25 மைக்ரோஹென்ரி, சிக்கலில்லை. இடம் மாற்றிய ஏணியில் பாதி என்பது 0.5 நானோஃபாரட் அல்ல, 2 நானோஃபாரட்! பாதியாக வேண்டியது மின்மறுப்பு, கெபாசிட்டர் மதிப்பு அல்ல. கெபாசிட்டர் இரட்டித்தால்தான் மின்மறுப்பு பாதியாகும். 0.5 போட்டால் சிமுலேஷன் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும், முனையில் எதிரொலிப்பு மட்டும் கிளம்பி ஃபேஸ் முழுவதையும் குழப்பிவிடும்.

சோர்ஸ் ரெசிஸ்டரும் லோடும் 43.3 ஓம். இன்டக்டரைக் கெபாசிட்டரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 50 வருமே என்பீர்கள். வரும், ஆனால் அது வெட்டு அதிர்வெண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போனால்தான் பொருந்தும். நம் அதிர்வெண்ணில் அதை 0.866ஆல் பெருக்க வேண்டும். 50 ஓமையே போட்டால் சுமார் 7 சதவீதம் எதிரொலிக்கும்.

படி 3: ஏசி அனாலிசிஸ் (அதிர்வெண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பது)

சோர்ஸில் ஏசி ஆம்ப்ளிட்யூட் 1 என்று கொடுத்து, 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். மெகாவுக்கு வெறும் எம் போடாதீர்கள், ஸ்பைஸில் அது மில்லி. எம், இ, ஜி மூன்றும் வேண்டும்.

அப்புறம் கிராஃபில் ஆறாவது முனையின் வோல்டேஜை ஐந்தாவதால் வகுத்துப் போடுங்கள். 3.183 மெகாஹெர்ட்ஸில் சாதாரண ஏணியில் மைனஸ் 60, மற்றதில் பிளஸ் 60. அடுத்தடுத்த முனைகளை மட்டுமே ஒப்பிடுங்கள். ஃபேஸ் 360ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு வந்துவிடும் என்பதால் முதல் முனையையும் கடைசி முனையையும் ஒப்பிட்டுப் புண்ணியமில்லை.

படி 4: டிரான்சியன்ட் (நேரத்தோடு மாறுவதைப் பார்ப்பது)

பிளஸ் 60 என்றால் வெளியே வருவது உள்ளே போவதற்கு முன்பே வந்துவிடுகிறதா? இல்லை. அதைக் காட்டத்தான் இந்தப் படி. இதைச் செய்யாவிட்டால் மேலே செய்ததெல்லாம் பாதி வேலைதான்.

சைன் அலையைச் சட்டென்று ஆரம்பித்து, பத்து சுழற்சியில் சட்டென்று நிறுத்தும் வசதி எல்டிஸ்பைஸில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். இடம் மாற்றிய ஏணி ஒரு ஹைபாஸ் ஃபில்டர். தொடக்கத்தின் கூர்மையில் ஒளிந்திருக்கும் உயர் அதிர்வெண்கள் எல்லாவற்றுக்கும் முன்பாக மறுமுனைக்குப் போய்விடும். ஆற்றல் தாமதமே இல்லாமல் போகிறது என்று தோன்றிவிடும். அதற்குப் பதில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் காசியன் துடிப்பு வேண்டும். பிஹேவியரல் வோல்டேஜ் சோர்ஸ் ஒன்றை வைத்து, நேரத்திலிருந்து 4 மைக்ரோசெகண்டைக் கழித்து, 1 மைக்ரோசெகண்டால் வகுத்து, வர்க்கமாக்கி, மைனஸ் போட்டு எக்ஸ்பொனென்ஷியல் எடுங்கள். அதை 3.183 மெகாஹெர்ட்ஸ் சைனால் பெருக்குங்கள். வர்க்கத்துக்குத் தொப்பிக் குறி (^) கூடாது. இந்த சோர்ஸில் எல்டிஸ்பைஸ் அதை எக்ஸ்ஓஆர் என்ற லாஜிக் குறியாக எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறிக்குள் இருப்பதை அதனாலேயே ஒருமுறை பெருக்கிவிட்டால் வம்பில்லை. மேக்சிமம் டைம்ஸ்டெப் 5 நானோசெகண்ட், மொத்தம் 10 மைக்ரோசெகண்ட் ஓட்டுங்கள்.

இப்போது துடிப்பின் உறையை, அதாவது முகடுகளைத் தொட்டுச் செல்லும் மேல்விளிம்பை, மட்டும் பாருங்கள். இரண்டு ஏணியிலும் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 58 நானோசெகண்ட், பத்து செல்லுக்கு 577 நானோசெகண்ட் தாமதம். இரண்டிலும் ஒரே அளவு! இனி ஐந்தாவது, ஆறாவது முனைகளைப் பெரிதாக்கி உள்ளேயிருக்கும் முகடுகளைப் பாருங்கள். சாதாரண ஏணியில் ஆறாவதன் முகடு சுமார் 52 நானோசெகண்ட் பிந்தி வரும், மற்றதில் அதே அளவு முந்தி வரும். ஆற்றல் லோடை நோக்கியும் முகடுகள் சோர்ஸை நோக்கியும் நகர்கின்றன. எதிர்மறை ஒளிவிலகல் எண் என்பது இதுதான்.

நிஜமாகவே கட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 2.5 கேட்டு அலையாதீர்கள், 2.2 மைக்ரோஹென்ரிதான் வழக்கமான மதிப்பு. அப்போது அதிர்வெண் 3.39 மெகாஹெர்ட்ஸ், லோடு 40.6 ஓம். சிஆர்ஓ (ஆசிலோஸ்கோப்) புரோபைப் பத்து மடங்கு நிலையில் வையுங்கள். ஒரு மடங்கில் அதன் கெபாசிட்டன்ஸே நம் 1 நானோஃபாரடில் பத்தில் ஒரு பங்கு வரை வந்துவிடும்.

பின்சேர்க்கை: ஆறு செல் மட்டும் போட்ட வாசகர் ஒருவர், இரண்டு ஏணியின் வெளியீடும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதாக எழுதியிருந்தார். ஆறு அறுபது 360. முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றுதான். அவர் சுற்றில் குறையில்லை, படி 3ல் சொன்னபடி அடுத்தடுத்த முனைகளைப் பார்த்தால் போதும்.

இன்னொருவர், நிஜ உறுப்புகளில் இருக்கும் உபரி இன்டக்டன்ஸ், கெபாசிட்டன்ஸை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். இடம் மாற்றிய ஏணியில் ஒவ்வொரு தொடர் கெபாசிட்டரோடும் தொடராக 250 நானோஹென்ரி, தரைக்குப் போகும் ஒவ்வொரு இன்டக்டருக்கும் இணையாக 100 பைக்கோஃபாரட் போடுங்கள். முனைகளில் 125 நானோஹென்ரி. குறைந்த அதிர்வெண்ணில் பின்னோக்கிய அலை, உயர்ந்ததில் சாதாரண அலை, நடுவே 10 மெகாஹெர்ட்ஸ் அருகே ஃபேஸ் பூஜ்யமாகியும் அலை நிற்காமல் போகும். 100ஐ 50 பைக்கோஃபாரட் ஆக்கினால் 10க்கும் 14 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவில் எதுவும் போகாத இடைவெளி ஒன்று திறக்கும்.