பால் பைத்தான் வளர்ப்பு: தீனியிலும் எடையிலும் நிறத்திலும் நடக்கும் தவறுகள்

டெல்டாவில் பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்ப்பவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது, வயல் எலியைத் தீனியாகக் கொடுப்பதை. சம்பா கதிர் முற்றும் நேரத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் எலிக்குப் பஞ்சமில்லை. வரப்பில் மூங்கில் கிட்டி வைத்தால் விடிவதற்குள் மாட்டிவிடும், காசும் மிச்சம். ஆனால் அதே வரப்பில் யாரோ ஜிங்க் பாஸ்பைடு கலந்த பொரியையோ புரோமடியோலோன் கட்டியையோ எலி மருந்தாக வைத்திருப்பார்கள். புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் ஓடித் திரியும், மருந்து அதன் ஈரலில் தங்கியிருக்கும். ஜிங்க் பாஸ்பைடு என்றால் இரைப்பையில் செரிக்காமல் கிடக்கும் மிச்சமே ஆபத்து. கிட்டியில் மாட்டிச் செத்த எலியைப் பார்த்து அது மருந்து தின்றதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு மேல் குடற்புழு வேறு. எலியைக் கையில் தொடுகிறவருக்கு எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு.

தீனிக்கென்றே வளர்த்த வெள்ளெலி, சுண்டெலி மட்டும் போதும், அதுவும் உறையவைத்தது. உயிரோடு விட்டால் பாம்பு பசியில்லாமல் சுருண்டிருக்கும்போது எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடும். உறைந்த எலியை முந்தின நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் சாயங்காலம் ஜிப் கவரில் போட்டு 40 டிகிரி வெந்நீரில் 15, 20 நிமிடம் வையுங்கள். பிறகு வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் உறைந்திருக்கிறது. அப்படிக் கொடுத்தால் பாம்பு கக்கிவிடும். துடைத்து, தலைப்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும்போது இடுக்கியால் நீட்டுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது: வெளியே வெந்து, உள்ளே பனியாகவே இருக்கும், சில சமயம் வயிறு வெடித்தும் போகும்.

அளவை எப்போதும் தராசுதான் சொல்ல வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். மூடி போட்ட டப்பாவை வைத்து எடையைச் சுழியாக்கி, பாம்பை உள்ளே விட்டு நிறுக்கலாம். பொரித்த குட்டி ஏறக்குறைய 50 முதல் 80 கிராம் இருக்கும். பாம்பு 200 கிராம் ஆகும் வரை இரையின் எடை அதன் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒரு முறை. 500 கிராம் வரை 10 சதவீதம், 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை. 1,000 கிராம் வரை 7 சதவீதம், இரண்டு மூன்று வார இடைவெளியில். அதற்கு மேல் 5 சதவீதம், 3 முதல் 5 வாரத்துக்கு ஒரு முறை. அதாவது 1,500 கிராம் பெண்ணுக்கு 75 கிராம் எலி ஒன்று தாராளம். இரை விழுங்கிய பின் 48 மணி நேரம் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு, பிறகு பாதி அளவு இரை.

இந்தக் கணக்கை மீறி வாரம் இரண்டு முறை திணித்து, ஒன்றரை வருடத்திலேயே இணைக்குப் போட நினைப்பவர்கள் நிறைய. கூடுவது கொழுப்பு, கருமுட்டைப்பையும் ஈரலும்தான் அதைச் சுமக்கும். சுருளும்போது செதில்களுக்கு நடுவே வெள்ளைத் தோல் தெரிந்தாலோ, வால் தொடங்கும் இடம் இருபுறமும் புடைத்து முதுகெலும்பு பள்ளத்தில் இருப்பதுபோல் ஆனாலோ, பாம்பு கொழுத்துவிட்டது. நல்ல உடம்பில் முதுகெலும்பு விரலுக்கு லேசாகத் தட்டுப்படும். பெண் 1,500 கிராமும் மூன்று வயதும் தாண்டிய பிறகே இணை.

இதற்கு நேர் எதிரான தவறு, பாம்பு சிறிதாகவே இருக்கட்டும் என்று பட்டினி போடுவது. ஆண் 3 முதல் 3½ அடி, பெண் 4 முதல் 5 அடி, அது அதன் இனத்து அளவு. தீனியைக் குறைத்தால் கிடைப்பது நோஞ்சான் பாம்பு. குறுமலைப்பாம்பு என்ற பெயரில் இந்தோனேசியத் தீவுகளின் குட்டை ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு வகைகளை யாராவது கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள். ரெட்டிகுலேட்டட், நம் ஊர் மலைப்பாம்பைப் போலவே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

கார்த்திகை, மார்கழியில் ஆண் பாம்பு இரையை மறுப்பது சகஜம். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் எடை இறங்காதவரை பதற வேண்டாம், வாயைத் திறந்து திணிக்கவும் வேண்டாம். ஆனால் கூண்டின் வெப்பத்தைப் பாருங்கள். சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வேண்டும். மார்கழி இரவில் தஞ்சாவூர் 20, 21 டிகிரிக்கு இறங்கும், செரிமானம் நின்றுவிடும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ் கூண்டு வைப்பது நேர் எதிர் ஆபத்து. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டிங் பாய் வயிற்றைச் சுட்டுவிடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. அப்படி ஒரு நிலையில் தெர்மோகோல் பெட்டியும் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலும் கைவசம் இருக்க வேண்டும், சூடு திரும்பும்வரை இரை கொடுக்கவே கூடாது. கீழே உமி பரப்பாதீர்கள், தூசி மூச்சுக்குள் போகும். பட்டுக்கோட்டைப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து போடலாம். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது கூண்டுக்குள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடிவயிற்றுச் செதில் அழுகும்.

பணம் அதிகம் போவது நிறத்தில்தான். வண்ணமீனுக்குக் கொடுப்பதுபோல் நிறம் கூட்டும் தீனி என்று விற்பதை நம்ப வேண்டாம். ஆல்பினோவில் கருநிறமியே உருவாவதில்லை, எந்த எலியும் அதை மாற்றாது. குட்டியில் பளிச்சென்ற மஞ்சளில் இருக்கும் பாஸ்டல் என்ற நிறவகை வயதானால் பழுப்பேறும், பனானா வகைக்குக் கரும்புள்ளி கூடும். வாங்கும் முன் அதே நிறத்தில் வளர்ந்த பாம்பின் படத்தைக் கேளுங்கள்.

ஆல்பினோ, பைபால்ட், கிளவுன் ஆகிய நிறவகைகள் எல்லாம் ஒடுங்கு பண்புகள், அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். ஆல்பினோவைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் குட்டி அத்தனையும் சாதாரணமாகத்தான் தெரியும், மரபணுவைச் சுமக்கும், அதுதான் ஹெட். இரண்டு ஹெட்டைச் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாக நாலில் ஒரு வாய்ப்பு. ஆறு முட்டை இட்டால் ஒன்றிரண்டு கட்டாயம் ஆல்பினோ என்று முன்பணம் வாங்குகிறார்கள். ஒன்றுகூட வராமல் போக 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஈட்டில் சாதாரணமாகத் தெரியும் குட்டிகள் 66 சதவீத ஹெட். மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கலாம் என்பதே அதன் பொருள். அந்தக் குட்டிக்கு உறுதி ஹெட்டின் விலை கொடுக்காதீர்கள். மஞ்சள் நிறமி இல்லாத அக்சாந்திக் வகையில் இன்னொரு சிக்கல்: வி.பி.ஐ., டி.எஸ்.கே. என்ற இரண்டு வளர்ப்பாளர் வழிகளும் வேறு வேறு மரபணு. இரண்டையும் சேர்த்தால் குட்டி எல்லாம் சாதாரணமாகவே வரும்.

பாஸ்டல், மொஹாவே, லெஸ்ஸர் நிறவகைகள் மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே தெரியும். மொஹாவேயையும் லெஸ்ஸரையும் சேர்த்தால் நீலக்கண் வெள்ளைப் பாம்புக்கு நாலில் ஒரு வாய்ப்பு. ஆனால் ஸ்பைடர் என்ற நிறவகையை வாங்காதீர்கள், இணைக்கும் போடாதீர்கள். அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் சமநிலைக் குறைவும் சேர்ந்தே வரும். சிலவற்றில் லேசாக இருக்கும். சிலது இரையைக் குறிபார்த்துக் கொத்தக்கூட முடியாமல் தலைகீழாகப் புரளும். ஸ்பைடரையும் சாம்பேன் வகையையும் சேர்த்தால், இரண்டு மரபணுவும் வாங்கிய குட்டி பிழைக்காது. டெசர்ட் வகைப் பெண் பாம்பு முட்டை விடுவதிலேயே சிக்கும்.

2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பால் பைத்தானை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். குட்டி பொரித்தாலும், கை மாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பெற்றோரின் பதிவும் படமும் தராதவரிடம் ஹெட் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.