முதல் வெளிநாட்டு ஊழியப் பயணம்: நீலகிரி வாலிபர் ஆயத்தமாவது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரச் சபைகளின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து குறுகிய கால ஊழியத்துக்காக முதன்முறை வெளிநாடு செல்ல விரும்புகிறவர், எந்த நாட்டுக்குப் போகலாம் என்று யோசிப்பதற்கு முன்னரே, யாருடைய அழைப்பின்பேரில் போகிறோம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்குள்ள ஒரு சபை தனக்கு இன்ன உதவி வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். அதை உங்கள் போதகரும் சபைக் குழுவும் ஆராய்ந்து, உங்களை அனுப்ப இசைந்திருக்க வேண்டும். பவுலும் பர்னபாவும்கூடத் தாமாகப் புறப்படவில்லை. அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபம்பண்ணி, கைகளை வைத்து அவர்களை அனுப்பியதாகவே அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. அழைப்பு இல்லாமல் ஒரு குழு விமானச்சீட்டு வாங்கிய பின்னர், போகும் இடத்தில் ஊழியம் ஒன்றைத் தேடுவது, அங்குள்ள போதகரின் தலையில் பத்து நாள் விருந்தோம்பலை ஏற்றுவதாகவே முடியும்.

அடுத்து, எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷன் ஊழியர்கள் 1846இல் நம் நீலகிரியின் கேத்தியில் பணியைத் தொடங்கி, இம்மலை மக்களான படகரின் மொழியைக் கற்று, ஊர் ஊராக நடந்தார்கள். ஆயினும் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல்தான். தங்கி, மொழி பயின்று உழைத்தவர்களுக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்த மலையில் பிறந்துவிட்டு, பத்து நாளில் ஆத்தும அறுவடை என்று ஜெப அட்டையில் அச்சிடுவது பொருத்தமாகாது. குறுகிய காலத்தில் செய்யக்கூடியது, அங்கே நிலையாக ஊழியம் செய்கிறவருக்குச் சில நாள்கள் கைகொடுப்பதுதான்.

இந்த மாவட்டத்து வாலிபருக்கு இயல்பாகப் பொருந்தும் முதல் இடம் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம் என்பது என் கருத்து. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் இங்கு அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அதுவே டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. ஆகவே பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பகுதிகளில் பல குடும்பங்களுக்கு மலையக ஊர்களான அட்டனிலும் பதுளையிலும் இன்னும் உறவினர் உண்டு. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, குளிரும் கொழுந்தும் பழகியவை. ஆனால் இந்த ஒற்றுமையே ஏமாற்றவும் செய்யும். அவர்களுடைய குடியுரிமைப் போராட்டம், உள்நாட்டுப் போரின் காலம், அண்மைய பொருளாதார நெருக்கடி ஆகியவற்றை நாம் அனுபவித்ததில்லை. எனவே புறப்படுவதற்கு முன், உங்கள் சபையிலேயே இலங்கையிலிருந்து திரும்பி வந்த பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடாகாது. அவர்கள் உறவினருக்கென்று பொட்டலம் கொடுத்தால் மட்டும், உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை கூச்சமின்றிக் கேட்டுத் தெளிய வேண்டும். சுற்றுலா விசா சுற்றுலாவுக்கு உரியது. அதை வைத்துக்கொண்டு மேடையேறிப் பிரசங்கிப்பது விசாவின் நிபந்தனையை மீறுவதாகும். நீங்கள் செய்யப்போகும் பணிகளை ஒளிக்காமல் எழுதி, எந்த விசா பொருந்தும் என்பதை அழைக்கும் சபையின் வழியாக அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் அதிகாரி வினவும்போது பொய் சொல்லும்படி யாராவது அறிவுறுத்தினால், அந்தக் குழுவோடு போகாமலிருப்பதே நல்லது. நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா வேண்டியதில்லை என்பதால் பல குழுக்கள் அங்கே செல்கின்றன. ஆனால் அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறையும் ஐம்பதாயிரம் நேபாள ரூபாய்வரை அபராதமும் விதிப்பதோடு, வெளிநாட்டவரைத் தண்டனை முடிந்ததும் வெளியேற்றவும் சொல்கிறது. உங்களுடைய ஆர்வத்தின் விலையைப் பின்னால் கொடுக்கப்போவது உள்ளூர் விசுவாசிதான் என்பதால், துண்டுப்பிரதி கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயண நாளைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர் அடிக்கடி தவறுகிறார்கள். மே மாதம் நமக்கு விடுமுறை. இலங்கைப் பள்ளிகளுக்கோ பொதுவாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில்தான் நீண்ட விடுமுறை. மே மாதத்தில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தப் போனால் பிள்ளைகள் வகுப்பறையில் இருப்பார்கள். மேலும் அந்த மாதத்தின் பௌர்ணமியில் வெசாக் வருகிறது. பௌத்தர்களின் அந்தப் புனித நாள்களில் ஒலிபெருக்கி வைத்து நற்செய்திக் கூட்டம் நடத்துவது அண்டை வீட்டாரைப் புண்படுத்தும். தோட்டத்தில் காலையில் மலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத் திரும்புவார்கள் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு சந்திப்பை மாலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒதுக்குங்கள். லயங்களுக்குள் குழுவாக நுழைவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவையா என்பதையும் போதகரிடம் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. நீலகிரி கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. கைவசம் ஏற்கெனவே இருந்தால், திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் சில வாரங்கள் முன்னதாகவே கேளுங்கள். இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. ஆனால் டெங்கு உண்டு, மலைப்பகுதியில் அட்டைக் கடியும் உண்டு. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குச் செல்கிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் போட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். திரும்பி வரும்போது நம் நாட்டு அதிகாரிகளும் அதைக் கேட்பார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகள் அடைபடுவது வழக்கமாதலால், விமானத்துக்கு முந்தின நாளே சமவெளிக்கு இறங்கிவிடுங்கள். பரிசாக எடுத்துச் செல்ல ஊட்டி வர்க்கி போதும். தேயிலை வேண்டாம், அங்கே அதற்குப் பஞ்சமில்லை.

பேசுவதற்கும் ஆயத்தம் தேவை. ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் சாட்சி ஒன்றை எழுதி, உங்கள் போதகருக்குச் சொல்லிக் காட்டுங்கள். கேட்கிறவரின் கோவிலையோ விகாரையையோ தாழ்த்தும் வரி இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். இரண்டு கீர்த்தனைகளை இசைக்கருவியின்றிப் பாடப் பழகுங்கள். மருத்துவ முகாம் என்ற யோசனை எழுந்தால், குழுவில் மருத்துவர் இருப்பது மட்டும் போதாது. அந்நாட்டு மருத்துவப் பேரவையின் பதிவு இல்லாமல் அவர் அங்கு சிகிச்சை செய்யலாகாது. சிறுவர் ஊழியத்தில் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்க வேண்டாம். பெற்றோரைக் கேட்காமல் படமெடுக்கவும் வேண்டாம். இடிந்த லயத்தின் முன் ஏழைப் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடித்து நன்கொடை திரட்டும் பழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதன்று; நம் தோட்டத்துக் குடியிருப்பை வேறொருவர் அப்படிக் காட்டினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பதும் அங்கு பெரிய அவமதிப்பு.

பணத்தைச் சபைப் பொருளாளர் வழியாகவே திரட்டி, ரசீது கொடுங்கள். அந்நியச் செலாவணியை வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றுநரிடமோ வாங்குங்கள். தங்குவதற்கும் உணவுக்கும் ஆகும் செலவை, கேட்கப்படாவிட்டாலும், போதகர் கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். தனி நபர்களுக்குப் பணம் கொடுத்தால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்தச் சபையில் மனக்கசப்பு எஞ்சும். உதவ மனமிருந்தால் போதகரோடு கலந்து சபைக்கே கொடுங்கள். மறுபடி வருவோம், படிக்க வைப்போம் என்று உணர்ச்சியில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் சபையைக் கூட்டி, நடந்ததையும் நடவாமற்போனதையும் சொல்லி, வரவு செலவுக் கணக்கை ஒப்படையுங்கள். அதே அறிக்கையை அழைத்த போதகருக்கும் அனுப்பி, அடுத்த முறை ஆள் வர வேண்டுமா, அல்லது அந்த விமானச் செலவு அங்குள்ள ஒரு வாலிபரின் வேதாகமக் கல்லூரிப் படிப்புக்குப் போக வேண்டுமா என்று கேட்டு, அவர் எழுதும் பதிலைச் சபைக் குழுவின் முன் வையுங்கள்.